சந்துக்குள் போன மருந்துக்கடை

பீளமேட்டில் என் மருந்துக்கடை ஓரளவு காலூன்றிய நேரத்தில், எதிர்ப்புறம் ஒரு பெரிய கம்பெனியின் கிளை வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பலூன் வளைவு. எல்லா மருந்துக்கும் தள்ளுபடி என்று பேனர் கட்டினார்கள். அந்த விலைக்கு மொத்த வியாபாரிகூட எனக்குச் சரக்கு தரமாட்டார்.

திறந்த வாரமே அவர்களுடைய ஏரியா மேனேஜர் என் கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கடையைச் சரக்கோடு எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் எங்கள் கடையிலேயே பார்மசிஸ்டாக உட்காரலாம், மாதம் பிறந்தால் சம்பளம், உங்களுக்கும் தலைவலி இல்லை என்றார்.

"தலைவலிக்கு எங்கிட்டயே மாத்திரை இருக்குதுங்க," என்றேன்.

சிரித்துக்கொண்டே கிளம்பினார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் அப்பாவும் அம்மாவும் அந்தியூர்ப் பக்கம் அடுத்தவர் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போனவர்கள். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் வளவில் சொந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலியை விட்டு எழுந்துபோய் இன்னொருவர் கடையில் உட்கார என்னால் முடியாது.

பாதி வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது என் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டனுப்பினார். மகனுக்கு இடம் வேண்டியிருக்கிறது, காலி செய்துகொடுங்கள் என்றார். மகன் சிங்கப்பூரில் இருந்தான். என் கடை இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம் வரப்போவதைப் பக்கத்து டீக்கடையில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அதே சாலையில் காலி இடங்கள் இருந்தன. போன இடத்திலெல்லாம் காபி கொடுத்து உட்காரவைத்து, கடைசியில் ஒன்று கேட்டார்கள்.

"ஏனுங்கம்மணி, உங்களுது எந்தப் பக்கமுங்க?"

அது ஊரைக் கேட்கிற கேள்வி அல்ல, சாதியைக் கேட்பது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் நேராகவே பதில் சொன்னேன். சொன்ன மறுநாள் அந்த இடம் மச்சானுக்கோ மருமகனுக்கோ ஏற்கெனவே பேசியதாகிவிடும்.

என் கணவர் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுபவர், அதிர்ந்து பேசமாட்டார். "ஊர்ப் பேரை மட்டும் சொல்லிப்போட்டு நிறுத்திக்கலாமில்ல?" என்றார்.

"மறைச்சு வாங்குன கடையில தெனமும் பயந்துட்டே உக்கோரோணும். அது எனக்கு வேண்டாமுங்க."

அவர் லீவு போட்டுவிட்டு என்னோடு இடம் தேட வந்தார்.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் லுங்கி மூட்டைகள் போட்டுவைத்த குடோன் ஒன்று கிடைத்தது. அதன் சொந்தக்காரர் டவுனில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு பாய். அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். ஓட்டையை நானே அடைத்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கினேன்.

ஆனால் மருந்துக்கடை லைசென்ஸ் இடத்தோடு ஒட்டியது. இடம் மாறினால் புதிதாக வாங்க வேண்டும், வரும்வரை ஒரு மாத்திரைகூட விற்கக் கூடாது. பூட்டிய கடைக்குள் அலமாரிக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பழைய வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். மில் வேலைக்குப் போகிறவள், மகனுக்கு வலிப்பு. அந்தக் கம்பெனிக் கடையில், அவன் குடிக்கும் சிரப் அதிகம் ஓடாது, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும் என்றார்களாம். வீட்டில் இருந்த பாட்டில் தீரப்போகிறது. அவளிடம் டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனேன். என்னோடு படித்த தோழியின் கடையில் பில் போட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் 'ஓடாது' என்ற அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது. அவர்களுடைய கம்ப்யூட்டர் ஓடாத சரக்கை வாங்காது. சரி, ஓடாத சரக்கையெல்லாம் நான் வாங்குகிறேன் என்று முடிவு செய்தேன். வலிப்பு, மனநோய், குழந்தைகளுக்கான தைராய்டு, அபூர்வமாகக் கேட்கும் சொட்டு மருந்து. விற்காமல் காலாவதியாகும் என்று கணவர் பயந்தார். எனக்கும் பயம்தான். பெட்டியைப் பிரித்துத் தரமுடியாது என்று மொத்த வியாபாரி மறுத்தார். என்னைப் போலச் சின்னக் கடை வைத்திருப்பவர்களைத் தேடிப் பேசினேன். அவர்களும் வாங்கத் தயங்கும் சரக்கை, ஆளுக்கொரு பெட்டியாக, அவரவர் லைசென்ஸில் முறைவைத்து வாங்குவது என்று பேசிக்கொண்டோம். ஒரு கடையில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும், ஆளை அங்கே அனுப்பிவிடுவோம்.

லைசென்ஸ் வந்து திறந்தபோது, சந்துமுனைக் கடைக்காரர் தன் சுவரில் என் போர்டை மாட்டவிடவில்லை. போர்டை என் ஸ்கூட்டரிலேயே கட்டி முனையில் நிறுத்தினேன். வண்டியை எடுக்கச் சொல்லி அவர் வந்தார். "ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்களே," என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் நிறுத்தினேன்.

முதல் மாதங்கள் கொடுமையாகத்தான் இருந்தன. காய்ச்சல் மாத்திரைக்கு யாரும் சந்துக்குள் வரவில்லை. வேறெங்கும் கிடைக்காத மருந்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் மெல்ல வீட்டுக்கு வேண்டிய மற்றதையும் இங்கேயே வாங்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரும் வால்பாறை எஸ்டேட் தொழிலாளர்கள், பஸ் ஏறும் முன் ஒரு மாத மருந்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்தக் கம்பெனிக் கடை இன்னும் ஜோராகத்தான் நடக்கிறது. அங்கே போன சில பழைய வாடிக்கையாளர்கள் திரும்பவே இல்லை. அந்த வருத்தத்தை நான் மறைக்கப்போவதில்லை.

போன மாதம் பக்கத்து அறையையும் எடுத்து நடுச்சுவரை இடித்தோம். வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறேன், இருவரும் டி.பார்ம் முடித்தவர்கள். தூசு படிந்த தலையோடு என் கணவர் அந்த அகலத்தைப் பார்த்து நின்றார்.

"இது போதுமா?"

"பத்தாதுங்க," என்றேன்.