பாதி மாத்திரை

தலைப்பிரசவத்துக்காகத் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளை நானும் மனைவியும் ஸ்கேன் எடுக்கச் செம்பூருக்கு அழைத்துப் போனோம். குழந்தைக்கு மாதத்துக்கேற்ற எடை இல்லை, மகளுக்கும் ரத்தம் குறைவு என்றார் டாக்டரம்மா. எனக்குக் கைகால் மரத்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பேஷண்ட் கௌன்?" என்று இந்தியில் நோயாளி யாரெனக் கேட்டதும் நானே கையைத் தூக்கினேன்.

"இரும்புச்சத்து மாத்திரை தினமும் போடறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். மகள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் பாதி பாதியா உடைச்சுக் குடுத்தேன்," என்றாள் என் மனைவி. "முழுசாத் தின்னா பிள்ளை பெருத்துரும், வயித்தக் கீறிருவாவன்னு எங்க சால்ல பக்கத்து வீட்டுக்காரிய சொன்னாவ."

"அது பிள்ளையைப் பெருக்க வைக்கிற மாத்திரை இல்லம்மா. தாய்க்கு ரத்தம் இருந்தாத்தான் பிள்ளை ஒழுங்கா வளரும். முழுசாக் கொடுங்கோ. டீயோட வேண்டாம், எலுமிச்சைச் சாறோட கொடுங்கோ."

மனைவிமேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம்கூடப் பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முழு மாத்திரையையும் எலுமிச்சைச் சாற்றையும் நீட்டினாள். மகள் விழுங்கினாள். நான் அவள் வயிற்றையே பார்த்தபடி நின்றேன்.

"என்னப்பா பாக்கிய? இப்பவே வளந்துருமாக்கும்?"

"தொண்டையத் தாண்டட்டும்ட்டி, பொறுமையா நிக்கேன்."

அவள் சிரித்தாள். மனைவியும் மெல்லச் சிரித்தாள். நானும் சிரிக்கலாம் என்று பார்த்தேன். அடுத்த ஸ்கேன்வரை வாய் ஒத்துழைக்காது போலிருந்தது.