கையால் பேசுகிறவனின் ஜெபம்

செம்பட்டி சபையில் என்னோடு ஒரே பாயில் உட்காருகிற உங்களுக்கு, வெல்டிங் செல்வராஜ் எழுதுகிறேன். நீங்கள் சாட்சி சொல்லும்போது உங்கள் வாய் அசைவதைப் பார்த்தே இத்தனை வருஷம் ஆமென் போட்டிருக்கிறேன். பாதி நேரம் எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஒரு தடவை என் சாட்சியை நீங்கள் கேளுங்கள்.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. காது கேளாதோர் பள்ளியில் எழுதப் படித்தேன். என் மனைவி எஸ்தருக்குக் காது கேட்கும். அவளுடைய அண்ணன் என்னோடு படித்தவன். அவனோடு பேசிப் பேசியே சின்ன வயதில் சைகையைக் கற்றுக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கையால்தான் பேசுவோம், கையால்தான் சண்டை போடுவோம், கையால்தான் ஜெபம் செய்வோம்.

குடிக்கப் பாருக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அங்கே யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. எல்லோரும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுகிறார்கள். புகைக்குள் வாய்கள் தொட்டி மீன் மாதிரி திறந்து மூடும். நானும் மற்றவர்களும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிய இடம் அது ஒன்றுதான். அந்த மயக்கத்திலேயே ஆறு வருஷம் போயிற்று.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். என் பேச்சு விடிகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. மற்றவர்களுக்கு நாக்கு குழறும், எனக்குக் கை குழறியது. நான் தண்ணீர் கேட்டால் எஸ்தருக்கு வேறு ஏதோ புரியும். பட்டறையில் நான் இரும்பில் பற்றவைத்த கோடு பாம்பு போல நெளிந்து போயிற்று. முதலாளி என் கையிலிருந்து வெல்டிங் ராடை வாங்கி வைத்துவிட்டார்.

போன வருஷம் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் காரியத்தைச் செய்தேன். எஸ்தர் என் முன்னால் நின்று இரண்டு கையாலும் என்னைத் திட்டினாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. பார்க்கப் பிடிக்காமல் அவள் கைகளைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். பிடித்து முறுக்கினேன். அவளுடைய வலது சுண்டுவிரல் ஒடிந்தது. ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவள் முகத்தில்தான் அதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எஸ்தர் என்னோடு பேசவில்லை. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சோற்றை வைப்பாள், தட்டைத் தள்ளுவாள், போய்விடுவாள். காது கேட்காதவனுக்கு உலகமே அமைதிதானே என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்த ஐந்து வாரம்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக அமைதி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. நான் பயந்துபோனேன்.

பாஸ்டர் ஐயா என்னைப் போதை மறுவாழ்வு இல்லங்களுக்கு அழைத்துப் போனார். முதல் இடத்தில், "கவுன்சிலிங் பூராம் பேச்சுதான் சார். காது கேக்காதவர வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?" என்றார்களாம். இரண்டாவது இடத்தில், காது கேட்கும் துணையோடு வரவும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். குடியை விடுவதற்கும் காது வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவதாக, திண்டுக்கல்லுக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருந்த ஓர் இல்லத்தில் படுக்கை கொடுத்தார்கள். அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் தொடங்கிய வாரம்.

இரண்டாம் நாள் மத்தியானம், குடி இல்லாத உடம்பு உதற ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகத் தென்னை ஓலையின் நிழல் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓலைக் கீற்றுகள் விரல்களாயின. நூறு கைகள் சுவரிலிருந்து நீண்டு ஒரே நேரத்தில் என்னோடு பேசின. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. மெதுவாகப் பேசுங்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று கைகளைத் தூக்கி அவற்றிடம் கெஞ்சினேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பிய வேகத்தில் என் கை பட்டு வார்டனின் கண்ணாடி கீழே விழுந்தது.

அடிக்க வருகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு கைகளையும் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். மருந்து கொடுத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள். உதறல் நின்ற பிறகும் கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்வதற்கும் எனக்குக் கைதானே வேண்டும்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பகலும் கனவும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன. சிறுமலைப் பக்கமிருந்து மேகம் அறைக்குள் வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. ஜெபம் செய்யலாம் என்று பார்த்தேன். கையில்லாமல் எனக்கு ஜெபம் வராது. சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. அதைப் பார்த்ததும் எஸ்தரின் விரல் ஞாபகம் வந்தது. அவளுக்கு நான் செய்தது இப்போது எனக்கு நடக்கிறது என்று புரிந்தது. குழந்தை மாதிரி அழுதேன். "ஆண்டவரே, என் கையை அவிழ்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் கட்டிவைத்த அவள் கையை அவிழ்த்துவிடும்" என்று அந்த ஒரு விரலால் சொன்னேன். ஒரே ஜெபத்தை மூன்று நாள் சொன்னேன்.

முதல் பத்து நாள் வீட்டார் யாரும் வரக் கூடாது என்பது அங்கே சட்டம். ஐந்தாம் நாள் காலையில் எஸ்தர் வந்து நின்றாள். மழை வந்தால் வலிக்கிற விரல், அன்றைக்கு மழை இல்லாமலே விடியற்காலையில் வலித்ததாம். பஸ் ஏறிவிட்டாள். வாசலில் தடுத்தவர்களைத் தாண்டி உள்ளே வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றாள். அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சை அவள் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீக?"

"கைய நீட்டுறாரும்மா. அடிக்க வாராரு."

"அவரு அடிக்கல சார், பேசுறாரு. நீங்க கையக் கட்டல, வாயக் கட்டிப் போட்டிருக்கீக."

வார்டன் விடவில்லை. "ஏம்மா, வீட்ல அடிக்கவே மாட்டாரா? உண்மையச் சொல்லுங்க."

அந்த நேரத்தில் அவள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். ஐந்து வாரம் கழித்து அந்தக் கையை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். சுண்டுவிரல் வளைந்தே ஒட்டியிருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அடிச்சாரு. இந்தா, இந்த விரல ஒடிச்சாரு. அதுக்கு அவருதான எனக்குப் பதில் சொல்லணும்? பதில் சொல்லக் கை வேணும்ல?"

சொல்லிவிட்டு அவளே குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். வளைந்த விரல் இடித்ததால் செத்த நேரம் ஆனது. யாரும் தடுக்கவில்லை.

அங்கே கவுன்சிலராக இருந்தவர் சின்ன வயதுக்காரர். தலையைக் குனிந்தபடி எஸ்தரிடம், "நீங்களே கூட இருந்து அவர் சொல்றத எங்களுக்குச் சொல்லுங்கக்கா" என்று கேட்டார். எஸ்தர் மாட்டேன் என்றாள். "அவரு செஞ்சத என் வாயால நான் ஏன் சொல்லணும்? நான் கேக்குற பக்கம் உக்காரணும் தம்பி." அவருக்கு அது உறைத்தது. மதுரையில் சைகை மொழி தெரிந்த ஒரு சகோதரியைத் தேடிப் பிடித்தார். வாரத்தில் இரண்டு நாள் வீடியோ காலில் அந்தச் சகோதரி வந்தார். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை எனக்குக் கையால் சொல்வார், நான் கையால் சொல்வதை அவர்களுக்கு வாயால் சொல்வார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, குடிக்காமலே மனுஷர்களோடு உட்கார்ந்து பேசினேன்.

நாற்பதாம் நாள் குடும்பத்தாரை அழைத்தார்கள். எஸ்தர் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கைகள் மறுபடியும் முந்தானைக்குள் இருந்தன. பொங்கலுக்குப் பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் கை குழறவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. செய்தது நான் என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தோப்புக்குள் போனேன். ஒரு தென்னையடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானை விலகியது. கைகள் மெல்ல மேலே வந்தன.

"சாப்டீகளா?" என்று கேட்டாள்.

வளைந்த விரலால் அந்தச் சைகை கொஞ்சம் சாய்ந்து வந்தது. எனக்கு நன்றாகப் புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். ஓலை நிழல் எங்கள் இரண்டு பேர் மேலும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் அப்போது கை எதுவும் தெரியவில்லை, வெறும் ஓலைதான்.

வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. நான் குடிக்கவில்லை. ராடு மறுபடியும் என் கையில் இருக்கிறது. அந்த இல்லத்தில் இப்போது யாருடைய கையையும் அப்படிக் கட்டுவதில்லை. அகரத்திலிருந்து என்னைப் போலவே காது கேட்காத ஒருவர் வந்தபோது, படுக்கை போட்ட அன்றைக்கே எனக்குச் செய்தி அனுப்பினார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஸ்தரின் விரல் நிமிரவில்லை. அதை நிமிர்த்தித் தரும்படி நான் கேட்பதுமில்லை. அது எனக்குத் தினமும் கண்ணில் படட்டும்.

அன்பானவர்களே, நம் ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அவர் பார்க்கிறவர். ஒரே ஒரு விரல் அசைந்ததையும் பார்த்தார். உங்களில் யாராவது குடியில் கிடந்தால், உனக்கு இங்கே இடமில்லை என்று எந்த வாசலிலாவது சொல்லியிருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் கடைசிப் பாய்க்கு வாருங்கள். ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ எந்தத் தெருவோ, பேச்சு வருமோ வராதோ, நாங்கள் கேட்கமாட்டோம். நானும் எஸ்தரும் அங்கே இருப்போம். முதலில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்போம்.