பச்சை டிக் விழுந்த பிறகும் படிப்பவள்

"நீ எங்கேர்ந்து வந்தே? உன்ன யாரு கூப்பிட்டா?"

பூவிழி இப்படி அதட்டுவது ஆளை அல்ல, திரையில் நிற்கும் நிரல் வரியை. ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக விசாரித்துக்கொண்டே போவாள். நாஞ்சிக்கோட்டை சாலையில், உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே மற்றவர்கள் எழுதும் நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவதுதான் அவள் வேலை. விரல் பட்டுப் பட்டுத் திரை பிசுக்கேறிக் கிடக்கும். துடைக்கச் சொன்னால், "துடைச்சா மறுபடி அழுக்காகத்தானே போவுது" என்பாள். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டும் விசாரணை நடக்கும், சோறு ஆறிப்போகும்.

இந்தப் பொறுமைக்குத்தான் வந்தது வினை. அவள் அரைநாள் படிப்பதை, புதிதாக வந்த ஏஐ கருவி டீ ஆறுவதற்குள் படித்து, தப்பைச் சொல்லி, பச்சை டிக் போட்டுவிடுகிறது. பொல்லாத கெட்டிக்காரத்தனம்! அவள் கோட்டைவிட்ட ஒரு பிழையை அது பிடித்தபோது, "அட, சமத்து!" என்று அவளே மெச்சினாள். ஆனால் ஒருநாள் டீம் லீடர் பரணிதரன் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஏஐ வந்த பிறகு உங்களையும் சேத்து ரெண்டு ரிவ்யூவர் எதுக்குன்னு மேல பேசிக்கிறாங்க. நீங்கதான் ஸ்லோ. பாத்துக்கங்க."

வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. அன்றிலிருந்து பச்சை டிக்கைப் பார்த்ததும் ஒப்புதலை அழுத்தப் பழகிக்கொண்டாள். அழுத்திவிட்டு, மனசு கேட்காமல், அப்புறம் உட்கார்ந்து படிப்பாள். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். விவசாயிகள் அறுப்பு மெஷினுக்கு முன்பதிவு செய்யும் செயலி அந்தக் கம்பெனியுடையது. ஞாயிற்றுக்கிழமை மழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். விளைந்த சம்பா வயலில் நிற்கிறது, ஊர்ப்பட்ட பதிவு. ஒப்புதல் இருந்தால் மாலை நாலு மணிக்குப் புதிய நிரல் தானாக வெளியாகும். யார் வயலுக்கு எந்த மெஷின் என்று உடனே பிரித்துவிடும்.

பூவிழியின் விரல் ஒரு வரியில் நின்றது. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டாவது பதிவு வந்தால் நீக்கிவிடு. ஏஐ சொன்ன திருத்தம். அவள் ஒப்புதலும் கொடுத்தாகிவிட்டது.

"அடப்பாவி! தம்பி, இங்க வாங்க. இது கூட்டுப் பட்டா உள்ள ஊரு. அண்ணன் தம்பி நாலு பேரு பிரிச்சு உழுதாலும் சர்வே நம்பர் ஒண்ணுதான். முதல்ல புக் பண்ணவருக்கு மெஷின் போவும், மத்தவங்க வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும்!"

பரணிதரன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலடிக்கப் போகிறது. "இப்ப நிறுத்துனா ரிலீசே நின்னுடும்க்கா. திங்கக்கிழமை சரிபண்ணிக்கலாம்."

"திங்கக்கிழமை நெல்லு முளைச்சிருக்கும். அதுவரைக்கும் பழைய நிரலே ஓடட்டும்."

"ஏஐ பாஸ் பண்ணிடுச்சு, நீங்களும் பண்ணிட்டீங்க. திரும்ப வாங்குனா உங்க பேருதான் கெடும். வேலைய விட்டு யார அனுப்பலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்குத் தெரியாதா? ஒப்புதலைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். திரை சிவந்தது.

"என்னக்கா நீங்க!" என்று பரணிதரன், மறுபடி ஒப்புதல் கொடுக்க அவள் மவுஸுக்குக் கையை நீட்டினான்.

பூவிழி அதை வயரோடு இழுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கடிகாரம் நாலைத் தாண்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.