மூச்சு வாங்கிய நான்கு மாதங்கள்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. குழாயடியிலிருந்து குடத்தோடு ஏறிவரும் என் மனைவி பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "மூச்சு வாங்கிக்கினே இருக்குதுங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "ஒடம்பு பெருத்துப் போச்சு, சோத்தக் கொறச்சிப் பாரு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் பஸ் பிடித்தேன். உடம்பு பெருக்கவில்லை, கால் வீங்கியிருந்தது. குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் தாய்வீடான பெருமுக்கலிலிருந்து வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, கொண்டுவந்த அவள் தம்பிதான் பார்த்தான். மூட்டையை இறக்கியவன் அவள் முகத்தைக் கண்டதும் உட்காரவே இல்லை.

"மாமா, அக்காவ நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். நீங்க வந்தா வாங்க."

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்ந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்குகிறது என்றார். "கொஞ்சமா இருந்தா மாத்திரையிலயே வத்திடும். இவ்ளோ இருந்தா ஊசி போட்டு வெளிய எடுத்தே ஆவணும். திரும்பத் திரும்பச் சேர்ந்தா, ஆபரேஷன் பண்ணி உறையில சின்னதா வழி வெட்டி விடுவாங்க. இப்போ ஊசிதான். உடனே பண்ணணும்."

பிறகு பேனாவை எடுத்தார். "எத்தினி நாளா மூச்சு வாங்குது?"

"பத்து நாளா, மேடம்" என்றேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நாலு மாசமாங்க."

டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நெஞ்செலும்புக்குக் கீழே ஊசியை இறக்கி, மெல்லிய குழாய் வைத்து இரண்டு நாள் வடித்தார்கள். பையில் இறங்கியது ரத்தம் கலந்த நீர். பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை. நீர் திரும்பவும் சேரவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

தினமும் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கி விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் துணிந்து, "என்மேலதான் தப்பு" என்றேன். "ஆவட்டும், வுடுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன மாதம் அலமாரியில் புது மருந்துச் சீட்டு ஒன்று கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். நாலு நாள் காய்ச்சல். நானே போய் ஊசி போட்டுக்கினு வந்துட்டேன்" என்றாள் வெங்காயம் உரித்தபடி. "உங்களுக்கு எதுக்குப் பேஜாரு."

அந்த நாலு நாளும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.