ஏழாம் எண் போகும் இடம்

நாற்பது வயதில் என்ன படிப்பு என்று என் வீட்டுக்காரியைக் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. நான் தையல்காரன். அவள் ஆராய்ச்சி செய்தால் ஊராருக்கு எங்கே வலிக்கிறது?

மனிதன் நாயைப் பிடித்து வளர்த்தானா, நாயே மனிதனைத் தேர்ந்தெடுத்ததா என்பதுதான் அவள் ஆய்வு. தெரு நாய்களுக்கு எண் கொடுத்து, என் கடை வாசலில் கேமரா மாட்டினாள். கடைப் படியிலேயே படுத்துக் கிடப்பதால் நாங்கள் மேனேஜர் என்று கூப்பிடும் நாய் ஏழாம் எண் ஆனான். நாய்களைத் தொடக்கூடாது, சோறு வைக்கக்கூடாது, தெருவில் ஏறிட்டும் பார்க்கக்கூடாது என்பது அவளுடைய பேராசிரியர் போட்ட விதி. பழகினால் முடிவு கெட்டுவிடுமாம். இவளும் மேனேஜரைத் தாண்டும்போதெல்லாம் சண்டை போட்ட நாத்தனாரைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த ஏழாம் எண்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சாயங்காலமானால் எழுந்து எங்கோ போய்விடுவான், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து படுப்பான். ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தாள். விடை இல்லாமல் ஆய்வேட்டைக் கொண்டுவராதே என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட, அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருட உழைப்பு வீணாகிவிடுமோ என்ற கவலையில் எனக்கும் தையல் கோணிப் போனது.

கடைசியில், அவன் போகும் திசையில் இருந்த பஸ் நிறுத்தத்து மருந்துக் கடையில் கெஞ்சி, அங்கிருந்த கேமராப் பதிவை வாங்கி வந்தாள். கடைக்குப் பின் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம்.

“அதோ நிக்குது பாருங்க. யாருக்கோ காத்திருக்கு.”

பஸ் வந்தது. மங்கலான படத்தில், தோளில் பையோடு ஒரு பெண் இறங்கி, முதுகைக் காட்டியபடி விறுவிறுவென்று நடந்தாள். மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

“யாருங்க இந்தம்மா? ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. சரியான கல்நெஞ்சுக்காரி!”

“அந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு பிளவுஸ் தைச்சதே நான்தாம்மா.”

குனிந்து உற்றுப் பார்த்தாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். “எல்லாரையும் கணக்குல எடுத்தேன், என்னை விட்டுட்டேனே” என்றாள். அன்றே புது அத்தியாயம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மடக்கினார்.

“அது உங்க பின்னாடி வர்றதுக்கு நீங்க ஏதாவது செஞ்சிருக்கணுமேம்மா?”

“ஒண்ணுமே செய்யல சார். ஏறிட்டும் பாக்கல. அதுதான் சார் என் ஆதாரம்.”

முதலில் கை தட்டியது பேராசிரியர்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினோம். நாலடி நடந்தவள் நின்று, திரும்பினாள். பின்னால் வந்த மேனேஜரும் திடுக்கிட்டு நின்றான்.

“வாடா மேனேஜரு, வீட்டுக்குப் போலாம்.”

மேனேஜர் எங்களைத் தாண்டி ஓடி, சந்தில் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். யாரும் வழி காட்டவில்லை.