பிலோமினா சொன்ன ‘பேடா’

தொம்மலூர் அலுவலகத்தில் லிஃப்டுக்காக நின்றபோது ஆரோக்கியத்தின் அழைப்பு வந்தது. “ரகு, பிலோ போயிட்டாப்பா. காலையில நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” தன் மனைவியைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சில நாட்களாகவே நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, “கேஸ்தான், விடு” என்று என் பக்கத்து மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பிலோ.

விவேக் நகர் பிலோமினாவை நம் நடைக் குழுவில் அறியாதவர் இல்லை. கோடையில் நாம் எந்தக் காட்டுக்குப் போவதாக இருந்தாலும், முந்தின வாரமே ஆரோக்கியத்தை இழுத்துக்கொண்டு அவர் அந்தப் பாதையில் நடந்துவிட்டு வருவார். அன்று மாலை குழுவில் அவருடைய குரல் பதிவு வந்துவிடும். வணக்கம்கூடக் கிடையாது. “தண்ணி இல்ல. ரெண்டாவது ஓடையும் காஞ்சு போச்சு. ஆளுக்கு நாலு லிட்டர். எறக்கத்துல சருகு கெடக்குது, மழையில வழுக்குறத விட மோசம். புல்லுல உண்ணி இருக்கு, முழு பேன்ட் போடுங்க.” நம்மில் யாராவது ஒருவர் தவறாமல், “வியூ எப்படி மேடம்?” என்று கேட்பார். “வியூ அங்கயேதான் இருக்கும். மொதல்ல தண்ணிய கேளுப்பா” என்பார் பிலோ.

போகக் கூடாது என்றால் ஒரே சொல்தான்: “பேடா.” வேண்டாம் என்று இந்த ஊரில் எல்லோரும் தினமும் சொல்லும் கன்னடச் சொல். பிலோ சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

கனகபுரா பக்கத்துக் காட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உச்சிப் பாறை கண்ணுக்குத் தெரிகிறது. பிலோ எல்லோருடைய பாட்டிலையும் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “பாதிக்குக் கீழ போயிருச்சு. பேடா. திரும்புங்க.” குழுவை நடத்தும் சுரேஷ் கெஞ்சினார்: “இன்னும் கொஞ்சம்தான் மேடம். இவ்ளோ தூரம் வந்துட்டு…” “இவ்ளோ தூரமும் திரும்பி நடக்கணும்ல?” என்றார் பிலோ. திரும்பினோம். வேனில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குச் சாத்துக்குடி உரித்து எல்லோருக்கும் நீட்டினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கித் தின்றோம்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தொல்லை. ஒன்றுமே ஆகாதபோது, அவர் சொன்னது சரி என்று எதை வைத்துக் காட்டுவது? கடைசிவரை அவருக்கு நம்மிடம் கிடைத்த பெயர் ‘பயந்தாங்கொள்ளி’.

இப்போது எல்லோருக்கும் அவர் தெய்வமாகிவிட்டார். கல்லறையில் போட்ட மாலை காய்வதற்குள் சுரேஷ் போஸ்டர் போட்டுவிட்டார்: ‘பிலோமினாவுக்காக உச்சி வரை’. அதே காடு, இந்த வெயிலில். லீவு என்பதால் பிள்ளைகளையும் கூட்டி வரலாமாம். பாதையை யார் பார்த்தது என்று கேட்டேன். கைகூப்பும் படங்கள் வந்தன. மறுபடி கேட்டேன். “எமோஷனல் விஷயம் ப்ரோ, இதுல போய்…” என்றார் சுரேஷ். உயிரோடு இருந்திருந்தால் பிலோ விடவே விட்டிருக்காத காரியத்தை அவர் பெயரிலேயே செய்யப் போகிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன ஞாயிறு ஆரோக்கியமும் நானும் போனோம். முதல் ஓடையில் வெறும் மணல். இரண்டாவதில் பாறைக் குழிக்குள் பாசி பிடித்த கொஞ்சம் தண்ணீர். அதைச் சுற்றி ஈரம் காயாத யானைச் சாணம். ஆரோக்கியம் என் பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நம்மள எல்லாம் எத்தன தடவ திருப்பிக் கூட்டிட்டு வந்தா. அவள ஒரு தடவ டாக்டர் பக்கம் திருப்ப என்னால முடியல, ரகு.”

எழுந்து திரும்பி நடந்தோம்.

அன்று மாலை குழுவில் வந்த குரல் பதிவு என்னுடையது. வணக்கம் சொல்லவில்லை. “தண்ணி இல்ல. யானை வந்து போயிருக்கு. பேடா.” நீங்கள் என்னைத் திட்டுவது தெரியும். திட்டுங்கள். பிலோமினாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்; அதை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மழை பெய்து ஓடையில் தண்ணீர் வரட்டும், நாங்கள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம்.

வியூ எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் பார்க்கவில்லை.