இல்லாத குண்டுக்கு ஒரு தீர்மானம்

யோரீனுக்கு வயது இருபத்திரண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் சர்வதேச அரசியல் படிக்கிறாள். வியன்னாவில் அணு ஆயுதத் தடை மாநாடு நடந்தபோது இளைஞர் பிரதிநிதியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தவள். அங்கே தூதர்களே குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டார்கள். சொந்த ஊரில், சனிக்கிழமைகளில் அப்பா கீடோவின் உருளைக்கிழங்கு வறுவல் கடையில் நின்றால், "வியன்னா அம்மணி, மயோனைஸ் கொஞ்சம் தாராளமா விடுங்க" என்பார்கள்.

கடைக்கு எதிரே விமானப்படைத் தளத்தின் வேலி. அதற்குள் அமெரிக்க அணுகுண்டு இருக்கிறது என்பது அந்த லிம்பர்க் மாகாணக் கிராமத்தில் ஊரறிந்த ரகசியம். அரசாங்கம் மட்டும் யார் கேட்டாலும் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதற்கு ஊரே கூடி உட்கார்ந்து சோறு அள்ளிப் போடுகிறது.

யோரீன் தலைமையில் இருந்த இளைஞர் மன்றம் அதுவரை ஊராட்சியிடம் கேட்டதெல்லாம் ஒலிபெருக்கியும் சைக்கிள் ஸ்டாண்டும்தான். இந்த முறை, குண்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தீர்மானம் போடுங்கள் என்று கேட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கி உறுப்பினர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு கை வேண்டும். அது அப்பாவின் கை. அவரும் ஊராட்சி உறுப்பினர். "பார்க்கலாம்மா" என்றிருந்தார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எவ்வளவு படித்தும் அப்பா விஷயத்தில் ஏமாளி.

கூட்டத்தில் மேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் ஆர்வத்தை மெச்சிக்கிறேன் யோரீன். ஆனா இருக்குன்னே யாரும் சொல்லாத சாமானை எப்படிம்மா திருப்பி அனுப்பச் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடேறியது.

"சரி, அப்ப மாத்திக்கலாம். 'எங்க ஊர்ல அணுகுண்டு இல்ல, இனியும் வரக் கூடாது'ன்னு போடுங்க. அதுல என்ன கஷ்டம்?"

சிரிப்பு அடங்கியது.

"அதையும் சொல்ல முடியாதேம்மா."

"இருக்குன்னும் பேசக் கூடாது, இல்லைன்னும் பேசக் கூடாது. அப்ப நாங்க எதைத்தான் பேசறது? சைக்கிள் ஸ்டாண்டையா?"

"அது போன மாசமே பாஸ் ஆயிடுச்சே!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

திருத்திய தீர்மானம் வாக்குக்கு வந்தது. அவளிடம் சம்மதம் சொன்னவர்கள் தவறாமல் கை தூக்கினார்கள். கீடோவின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியிலேயே இருந்தன. அவர் எதிர்த்தும் தூக்கவில்லை. வாக்குகள் சமம். சமம் என்றால் தோல்வி. இளைஞர்களின் உலக அக்கறைக்காக ஒரு கைதட்டல் என்றார் மேயர். அதற்கு மட்டும் கீடோவின் கைகள் மேலே வந்தன.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடையில் அவள் அவர் முகத்தையே பார்க்காமல் கிழங்கு வெட்டினாள். எவ்வளவு நேரம்தான் அடக்குவது!

"ஏம்ப்பா? ஒரே ஒரு கை. அதைத் தூக்க உங்களுக்கு என்ன வலிச்சுது?"

கீடோ எண்ணெய்ச் சட்டியிலிருந்து கூடையைத் தூக்கி உதறினார். "வேலிக்குள்ள இருக்கறவன்தான் இங்க வந்து திங்கறான். குண்டை எடுத்துட்டா அவனும் மூட்டை கட்டிடுவான். அப்புறம் உன்னைப் படிக்க வைக்கறது யாரு? உன் வியன்னாவா?"

எந்த அமைச்சர் வாயிலிருந்தும் பிடுங்க முடியாத உண்மை, அப்பா வாயிலிருந்து எண்ணெய்ப் புகையோடு வந்து விழுந்தது. இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் அலைந்தாள். தன் படிப்பு யார் தின்ற வறுவலில் நடக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேலிக்குள்ளிருந்து வந்த இரண்டு சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். யோரீன் பொட்டலம் மடித்துக் கொடுத்தாள்.